நாற்பது வயதில் மாணவர்

1954-ஆம் ஆண்டு. சுவிட்சர்லாந்து நாட்டில் ரோசன்லாவி என்று ஓர் ஊர். சுற்றிலும் மலை. மலை மேல் பனி. அங்கே மலையேற்றம் சொல்லிக் கொடுக்கும் ஒரு பள்ளி இருந்தது. அதை நடத்தியவர் ஆர்னால்டு கிளாட்ஹார்ட்.

அந்த ஆண்டு இந்தியாவிலிருந்து சிலர் அங்கே படிக்க வந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு வயது நாற்பது. அவர் பெயர் டென்சிங் நார்கே.

ஆமாம், எவரெஸ்ட் சிகரத்தில் ஏறிய அதே டென்சிங்தான். 1953 மே 29 அன்று அவரும் ஹிலாரியும் உலகிலேயே உயரமான இடத்தில் நின்றார்கள். உலகமே அவரைப் புகழ்ந்தது. அடுத்த ஆண்டே அவர் மாணவராக வந்து உட்கார்ந்தார். ஏன்?

அதற்கு முன்கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

டென்சிங் ஷெர்பா இனத்தவர். இளம் வயதில் வேலை தேடி டார்ஜிலிங் வந்தார். வெள்ளைக்காரர்கள் இமயமலை ஏற வருவார்கள். அவர்களுக்கு மூட்டை தூக்க ஆள் வேண்டும். 1935-இல் டென்சிங்குக்கு அந்த வேலை கிடைத்தது. ஒரு நாள் கூலி 12 அணா. பனிக்கோட்டுக்கு மேலே போனால் ஒரு ரூபாய். உயிருக்கு ஆபத்தான வேலை. அதற்கு நாலணாதான் கூடுதல்!

அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பல மொழிகள் பேசுவார். பிற்காலத்தில் அவர் வாழ்க்கைக் கதை புத்தகமாக வந்தது. அவர் வாயால் சொன்னார். வேறொருவர் எழுதினார்.

மலை ஏறப் பணம் வேண்டும். கூடாரம், கயிறு, சாப்பாடு, கப்பல் செலவு எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். யார் கொடுப்பது? சில நாடுகளில் அரசாங்கம் கொடுத்தது. சுவிட்சர்லாந்தில் இதற்கென்றே ஓர் அறக்கட்டளை இருந்தது. 1939-இல் சூரிக் நகரில் அதைத் தொடங்கினார்கள். ஆல்ப்ஸ் ஆராய்ச்சி அறக்கட்டளை என்பது அதன் பெயர்.

அறக்கட்டளை என்றால் என்ன? ஒரு நல்ல காரியத்துக்காகப் பணத்தை ஒதுக்கி வைப்பது. அந்தப் பணம் தனி ஒருவருக்குச் சொந்தம் ஆகாது. குறித்த காரியத்துக்கு மட்டுமே அதைச் செலவு செய்யலாம். இந்த அறக்கட்டளையின் காரியம் மலை. மலையை ஆராய்வது, மலை ஏறுகிறவர்களுக்கு உதவுவது, மலைகளின் வரைபடம் போடுவது, மலைகளைப் பற்றி நூல் வெளியிடுவது.

தொடங்கிய ஆண்டிலேயே அது இமயமலைக்கு ஒரு குழுவை அனுப்பியது. பிறகு போர் வந்தது. போர் முடிந்தபின் 1947-இல் இன்னொரு குழு கார்வால் மலைக்கு வந்தது. அந்தக் குழுவில் டென்சிங்கும் இருந்தார்.

கேதார்நாத் சிகரத்தில் ஏறும்போது ஒரு விபத்து நடந்தது. ஷெர்பாக்களின் தலைவர் வாங்டி நோர்பு சறுக்கி விழுந்தார். கால் முறிந்தது. அவரை அன்றே கீழே இறக்க முடியவில்லை. இரவு முழுவதும் கூடாரத்தில் தனியே கிடந்தார். பிறகு டென்சிங்கும் மற்றவர்களும் மேலே போய் அவரைக் கீழே கொண்டுவந்தார்கள். உயிர் பிழைத்தார். அதன்பின் டென்சிங் ஷெர்பாக்களின் தலைவர் ஆனார். இந்தத் தலைவரை சர்தார் என்பார்கள்.

1952-இல் சுவிஸ் குழு எவரெஸ்டுக்கு வந்தது. அதற்கும் அறக்கட்டளை துணை நின்றது. இந்த முறை ஒரு புதுமை நடந்தது. டென்சிங்கை வெறும் சர்தாராக வைக்கவில்லை. குழுவில் ஓர் உறுப்பினராகவும் சேர்த்துக்கொண்டார்கள். மூட்டை தூக்க வந்தவர் இப்போது மற்றவர்களுக்குச் சமம். டென்சிங் இதை வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

ரேமண்ட் லாம்பெர்ட் என்பவரும் டென்சிங்கும் ஒரே கயிற்றில் ஏறினார்கள். லாம்பெர்ட் பேசியது பிரெஞ்சு மொழி. டென்சிங்குக்கு அது சரியாகத் தெரியாது. சைகையிலும் சில சொற்களிலும் பேசிக்கொண்டார்கள். மே மாதக் கடைசி. மேலே ஒரு சின்னக் கூடாரத்தில் இரவு தங்கினார்கள். போர்த்திக்கொள்ளத் தூக்கப்பை இல்லை. அடுப்பும் இல்லை. மெழுகுவர்த்திச் சுடரில் பனிக்கட்டியை உருக்கித் தொண்டையை நனைத்தார்கள். தூங்கினால் உறைந்து போவோம் என்று ஒருவரை ஒருவர் தட்டிக்கொண்டார்கள்.

மறுநாள் 8,595 மீட்டர் வரை ஏறினார்கள். அதுவரை அவ்வளவு உயரம் யாரும் ஏறியதாகச் சான்று இல்லை. சிகரத்துக்கு இன்னும் 250 மீட்டர்தான். ஆனால் பிராணவாயுக் கருவி சரியாக வேலை செய்யவில்லை. திரும்பிவிட்டார்கள். திரும்பியதால் உயிரோடு இருந்தார்கள்.

அதே ஆண்டு மழைக்காலத்துக்குப் பிறகு மறுபடியும் முயன்றார்கள். மேலிருந்து பனிக்கட்டிகள் விழுந்தன. மிங்மா டோர்ஜி என்ற ஷெர்பா இறந்தார். குழு திரும்பியது. லாம்பெர்ட் தன் சிவப்புக் கழுத்துத்துணியை டென்சிங்குக்குக் கொடுத்தார். 1953-இல் எவரெஸ்ட் உச்சியில் டென்சிங் கழுத்தில் இருந்தது அந்தத் துணிதான்.

இப்போது பள்ளிக்கு வருவோம். டென்சிங் வெற்றி பெற்றதும் பிரதமர் நேருவும் வங்காள முதலமைச்சர் பி.சி. ராயும் ஒன்றை நினைத்தார்கள். மலையேற்றம் கற்றுக்கொடுக்க இந்தியாவில் ஒரு நிலையம் வேண்டும். ஆசிரியர் யார்? டென்சிங்.

ஆனால் ஒரு வேலையைச் செய்வது வேறு. அதைச் சொல்லிக் கொடுப்பது வேறு. சுவிட்சர்லாந்தில் மலை வழிகாட்டி என்பது ஒரு தொழில். பயிற்சி எடுக்க வேண்டும். தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும். இங்கே ஷெர்பாக்களுக்கு அனுபவம் இருந்தது, பயிற்சி முறை இல்லை. அதனால்தான் டென்சிங்கும் மற்ற ஷெர்பாக்களும் ரோசன்லாவி போனார்கள். முடிச்சுப் போடுவது, பனியில் படி வெட்டுவது, அடிபட்டவரை இறக்குவது எல்லாவற்றையும் முதலிலிருந்து முறையாகக் கற்றார்கள். கிளாட்ஹார்ட் டார்ஜிலிங்குக்கும் வந்து இடம் பார்த்துச் சொன்னார்.

1954 நவம்பர் 4-இல் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையம் தொடங்கியது. டென்சிங் அதன் களப்பயிற்சி இயக்குநர் ஆனார். 1976 வரை அந்த வேலையில் இருந்தார்.

அறக்கட்டளை இமயமலைக்கு வரைபடங்களும் வெளியிட்டது. சிக்கிம், கார்வால், எவரெஸ்ட் பகுதிகளுக்கு அதன் வரைபடங்கள் உண்டு. மலை வரைபடத்தில் வளைந்த கோடுகள் நிறைய இருக்கும். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை எல்லாம் சேர்த்து ஒரு கோடு போடுவார்கள். கோடுகள் நெருங்கி இருந்தால் அங்கே மலை செங்குத்து. விலகி இருந்தால் சரிவு குறைவு, நடக்கலாம். இது தெரிந்தவர் மலையைப் பார்க்காமலே வழி சொல்லிவிடுவார்.

ரோசன்லாவியில் டென்சிங்கோடு படித்தவர்களில் நவாங் கோம்பு ஒருவர். டென்சிங்கின் உறவுப் பையன். அவரும் டார்ஜிலிங்கில் ஆசிரியர் ஆனார். 1963-இல் அமெரிக்கக் குழுவோடு எவரெஸ்ட் ஏறினார். 1965-இல் இந்தியக் குழுவோடு மறுபடி ஏறினார். எவரெஸ்டில் இரண்டு முறை ஏறிய முதல் மனிதர் அவர்தான். அந்த 1965 குழுவில் ஒன்பது பேர் உச்சியைத் தொட்டார்கள்.

பேசிப் பார்ப்போம்

டென்சிங் 1935-இல் வாங்கிய கூலி எவ்வளவு?
1952-இல் அவர்கள் சிகரத்தை நெருங்கியும் திரும்பினார்களே, அது சரியா?
உங்கள் ஊரில் கை வேலை நன்றாகத் தெரிந்தவர் யார்? அவர் யாருக்காவது கற்றுக்கொடுக்கிறாரா?