கட்டபொம்மன்: படமும் வரலாறும் – ஓர் அளவெடுப்பு

மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை



வெர்னியர் காலிப்பரைக் கையில் எடுத்த முதல் வாரத்திலேயே ஒர்க்‌ஷாப்பில் நமக்கு ஒரு பாடம் சொல்லித் தருகிறார்கள். கண்ணுக்குச் சரியா தெரியுதுன்னு எந்த ஜாபையும் பாஸ் பண்ணக் கூடாது, டிராயிங்கோடு ஒப்பிட்டு அளந்து பார்க்க வேண்டும் என்பதே அந்தப் பாடம். இரும்புத் துண்டுக்கு இந்த மரியாதையைக் கொடுக்கும் நாம், சரித்திரத்தைச் சொல்லும் சினிமாவுக்கு மட்டும் ஏன் கொடுப்பதில்லை? இந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

அளப்பதற்கு நான் எடுத்துக்கொண்ட ஜாப், பி.ஆர்.பந்துலு இயக்கி 1959-ல் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்'. ம.பொ.சிவஞானம் அவர்களின் ஆராய்ச்சி, சக்தி கிருஷ்ணசாமியின் வசனம், சிவாஜி கணேசனின் நடிப்பு மூன்றும் சேர்ந்து உருவான படம் இது. படமாவதற்கு முன் நாடகமாக நடந்தது. அந்த நாடகம் 1957-ல் முதலில் மேடையேறியது நம் பக்கத்துச் சேலத்தில் என்பது நமக்கெல்லாம் ஒரு பெருமை! 1960-ல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருதும், ஜி.ராமநாதனுக்குச் சிறந்த இசையமைப்பாளர் விருதும் கிடைத்தன.

பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்?

விடுதி டி.வி. அறையில் இந்தப் படம் ஓடிய மறுநாள் முழுக்க இதே பேச்சுதான். கேட்ட கருத்துகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் கட்சி: "அத்தனையும் நடந்ததுதாங்க. ம.பொ.சி. ஆராய்ச்சி பண்ணிக் கொடுத்த கதை. தப்பு வருமா?"

இரண்டாம் கட்சி: "எல்லாம் டூப்பு. கட்டபொம்மன் வீட்டில் தெலுங்கு பேசிய வம்சம். இந்த அடுக்குமொழித் தமிழை எங்கே போய்ப் பேசினார்?" இந்தக் கட்சி புதிதல்ல. எழுத்தாளர் தமிழ்வாணன் கட்டபொம்மனைக் கொள்ளைக்காரன் என்று தனி நூலே எழுதினார்.

மூன்றாம் கட்சி: "படம் பார்த்தமா, கை தட்டினமா, எழுந்து போனமான்னு இருக்கணும். இதில் என்னப்பா ஆராய்ச்சி?"

எங்கள் மெஸ் அண்ணன் மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. "வசனம் எழுதினதா இருக்கட்டும் தம்பி. கடைசியில அந்த மனுசன் நிமிர்ந்து நிக்கிறாரே, அந்த நிப்பும் பொய்யா?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்குப் பதில் பிறகு வருகிறது.

முதல் அளவு: ஜாக்சன் துரை சந்திப்பு

திரையில் கட்டபொம்மன் வரி கேட்கும் உரிமையையே மறுக்கிறார். சொல்லுக்குச் சொல் பதிலடி கொடுக்கிறார். தியேட்டர் அதிர்ந்த காட்சி அது.

ஆவணங்கள் சொல்வது வேறு மாதிரி. ஆற்காடு நவாபோடு 1792-ல் செய்த ஒப்பந்தத்தின்படி பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் அதிகாரம் கம்பெனிக்குப் போய்விட்டது. 1798 மே 31 வரை கட்டபொம்மன் வைத்திருந்த பாக்கி 3,310 பகோடா. கலெக்டர் ஜாக்சன் இரண்டு வாரத்தில் இராமநாதபுரம் வந்து சந்திக்கும்படி ஆகஸ்டில் உத்தரவிட்டார். ஆனால் சொன்ன இடத்தில் அவர் இல்லை! ஊர் ஊராகச் சுற்றுப்பயணம் போய்க்கொண்டே இருந்தார். கட்டபொம்மனும் 23 நாட்கள், ஏறத்தாழ 400 மைல் பின்னாலேயே அலைந்தார். செப்டம்பரில் இராமநாதபுரத்தில் சந்திப்பு கிடைத்தபோது மூன்று மணி நேரம் நிற்க வைக்கப்பட்டார். கணக்கைப் பார்த்தால் பெரும்பகுதி ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. பாக்கி வெறும் 1,080 பகோடா. கைது செய்யப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கைகலப்பு மூண்டது. லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். தானாபதிப் பிள்ளை பிடிபட்டார்.

அதன் பிறகு நடந்ததையும் கவனியுங்கள். கட்டபொம்மன் சென்னை அரசுக்கு முறையிட்டார். கம்பெனியே விசாரணைக் குழு போட்டது. குழு கட்டபொம்மன் மீது குற்றமில்லை என்றது. ஜாக்சனின் பதவி போயிற்று. தானாபதிப் பிள்ளையும் விடுதலை ஆனார்.

இதைப் படித்துக் காட்டியபோது எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. "படத்துல கோபம் மட்டும்தான் இருக்கு. அந்த 400 மைல் பொறுமையைக் காணோமே!" உண்மைதான். கோபக்காரர் ஒருவர் சண்டைக்குப் போனது ஒரு கதை. கப்பம் கட்டி, நடையாய் நடந்து, அவமானத்தைப் பொறுத்து, மனுவும் கொடுத்துப் பார்த்த ஒருவர் கடைசியில் சண்டைக்குத் தள்ளப்பட்டது வேறு கதை. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் கனமான கதை.

இரண்டாம் அளவு: கோட்டை

'கோட்டை' என்றதும் நம் மனசில் எழுவது கருங்கல் மதில். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையோ மண்கோட்டை. 1801 போரில் கலந்துகொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி தன் நினைவுக் குறிப்பில் அளவு கொடுத்திருக்கிறார். இரண்டு பக்கம் சுமார் 500 அடி, மற்ற இரண்டு பக்கம் 300 அடி, மண்சுவர் உயரம் சுமார் 12 அடி. சிவில் பிரிவு நண்பர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். பரப்பு ஒன்றரை லட்சம் சதுர அடி, மூன்றரை ஏக்கர்கூட வராது! இந்தச் சின்ன மண்கோட்டைதான் 1799 செப்டம்பர் 5-ல் பானர்மேன் படையின் தாக்குதலைத் தாங்கி நின்றது. தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடிக்கப்பட்ட கோட்டையை மீண்டும் எழுப்பினார். அது மே மாதம் வரை ஈடுகொடுத்தது. கோட்டையைப் பெரிதாக நினைக்க நினைக்க உள்ளே நின்றவர்களின் வீரம் சிறிதாகிவிடுகிறது. இங்கே சரியான அளவுதான் உண்மையான புகழ்ச்சி.

மூன்றாம் அளவு: கயத்தாறு

இப்போது மெஸ் அண்ணனின் கேள்விக்கு வருவோம். 1799 அக்டோபர் 16. பாளையக்காரர்களை எல்லாம் வரவழைத்து, அவர்கள் முன்னால் விசாரித்து, கயத்தாறில் தூக்கிலிட்டார்கள். மறுநாள் மேஜர் பானர்மேன் மேலிடத்துக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. விசாரணை முழுவதும் கட்டபொம்மன் கொஞ்சமும் கலங்கவில்லை என்கிறார். எட்டயபுரம் பாளையக்காரரை இகழ்ச்சியோடு பார்த்தார், உறுதியான நடையோடு போனார், போகும் வழியில் ஊமைத் தம்பியை நினைத்து மட்டும் கவலைப்பட்டார், கோட்டையை விட்டு வந்ததற்குப் பதில் அதைக் காத்துச் செத்திருக்கலாம் என்று மரத்தடியில் வருந்தினார் என்றும் எழுதுகிறார். எழுதியவர் நண்பரல்ல, தூக்குக்கு உத்தரவு போட்டவர்!

ஆக, வசனம் எழுதியதுதான். ஆனால் அந்த 'நிப்பு' பொய்யில்லை. "எல்லாம் டூப்பு" கட்சி இந்த இடத்தில் தோற்றுப் போகிறது. கயத்தாறில் 1970-ல் சிவாஜி தம் சொந்தச் செலவில் கட்டபொம்மனுக்குச் சிலை வைத்தார்.

நான்காம் அளவு: எட்டப்பன்

இதுதான் சிக்கலான அளவு. தெற்கே இருந்து வந்து இங்கே படிக்கும் ஒரு நண்பன் சொன்னான்: "எங்க ஊர்ப் பேரைச் சொன்னாலே 'ஓ, எட்டப்பன் ஊரா?'ன்னு சிரிக்கிறாங்கடா. நான் யாரைக் காட்டிக் கொடுத்தேன்?" டி.வி. அறை கொஞ்ச நேரம் கப்சிப்.

எட்டயபுரம் பாளையக்காரர் கம்பெனிக்கு உதவினார் என்பது மறுக்க முடியாத உண்மை. அதே சமயம் கட்டபொம்மனைக் காட்டில் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள் என்பதும் உண்மை. பக்கத்துப் பக்கத்துப் பாளையங்களுக்குள் எல்லைத் தகராறும் பழைய பகையும் இருந்தன. அதைக் கம்பெனி பயன்படுத்திக்கொண்டது. இத்தனையும் சேர்ந்த கதையில் பொதுப் பேச்சில் வசைச்சொல்லாக நிலைத்தது ஒரே ஒரு பெயர். அந்த எட்டயபுரத்தில்தான் 1882-ல் மகாகவி பாரதி பிறந்தார் என்பதை ஏன் யாரும் முதலில் சொல்வதில்லை?

எவ்வளவு விலகலாம்?

எந்த ஜாபுக்கும் ஒரு டாலரன்ஸ் உண்டு. சினிமாவுக்கும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். படத்தில் வரும் மாறுதல்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் வராது.

1. சுருக்கம்: 23 நாள் அலைச்சலை மூன்று மணி நேரப் படத்தில் முழுக்கக் காட்ட முடியாது. இது அனுமதிக்கத் தக்கது.

2. சேர்ப்பு: வெள்ளையத் தேவன், வெள்ளையம்மாள் கதை பெரும்பாலும் நாட்டுப்புறக் கதைப்பாடல் வழி வந்தது. ரசிக்கலாம், ஆனால் சேர்ப்பு என்று தெரிந்து ரசிக்க வேண்டும்.

3. திரிப்பு: நடந்ததன் காரணத்தையே மாற்றுவது. இது ரிஜெக்ட்.

ஹாலிவுட்டும் விதிவிலக்கல்ல. 1995-ல் வந்த 'பிரேவ்ஹார்ட்' படத்தில் 1297-ல் நடந்த ஸ்டிர்லிங் பாலப் போரைப் பாலமே இல்லாமல் எடுத்தார்கள்! அந்தப் போரின் வெற்றிக்கே குறுகலான பாலம்தான் காரணம். பாலத்தை எடுத்துவிட்டால் ஏன் ஜெயித்தார்கள் என்பதே புரியாது. அது மூன்றாம் வகை.

நம்ம ஊர்க் கணக்கு

கயத்தாறு நமக்குத் தூரம். சங்ககிரி தூரமா? திருச்செங்கோட்டிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரம். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டு ஆறு ஆண்டுகூட முடியாத 1805 ஜூலை 31 அன்று, கம்பெனிப் படையோடு போரிட்ட தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டது அந்தச் சங்ககிரி மலைக்கோட்டையில்தான். கட்டபொம்மனுக்குக் கிடைத்த மாதிரி ஒரு படம் அவருக்குக் கிடைக்கவில்லை. விளைவு என்ன? ஜாக்சன் துரை பெயர் தெரிந்த நம் வகுப்பு நண்பர்களிடம் ஓடாநிலை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பாதிப் பேர் முழித்தார்கள். சினிமா காட்டியதை உண்மையென்று நம்புவது ஒரு பிழை. சினிமா காட்டாததை நடக்கவே இல்லை என்று விட்டுவிடுவது அதைவிடப் பெரிய பிழை.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை சரித்திரப் படம் பார்க்கும்போது கை தட்டுங்கள், விசில் கூட அடியுங்கள். வெளியே வந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். எது சுருக்கம்? எது சேர்ப்பு? எது திரிப்பு? பதில் தெரியாவிட்டால் நூலகத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேராகச் சேர்ந்து சங்ககிரி மலையும் ஏறுவோம். டிக்கெட் எடுக்காமலே பார்க்கக் கூடிய வரலாறு அங்கே காத்திருக்கிறது.

ரசிப்போம்! அளந்து ரசிப்போம்!