தாவும் ஜீன்கள் இடம் தேடும் விதம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., விலங்கியல்)

"ஈயைப் பத்திப் படிக்கவா காலேஜுக்குப் போறே?" என்று என் தாயார் ஒரு நாள் கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. இக்கட்டுரையே அந்தப் பதில்.

அழுகிய வாழைப்பழத்தை மொய்க்கும் சிறு பழ ஈயின் குரோமோசோம்களில், ஓரிடத்தில் நில்லாது தாவும் டி.என்.ஏ. துண்டுகள் உள்ளன. இத்தகைய துண்டுகளை மக்காச்சோளத்தில் முதன்முதலில் கண்டறிந்த பார்பரா மக்கிளின்டாக் அம்மையார் 1983இல் நோபல் பரிசு பெற்றார்.

இவை எல்லா இடங்களிலும் ஒரே சீராக நுழைவதில்லை. 'ஆர்2' என்னும் கூறு, 28எஸ் ரைபோசோம் ஆர்.என்.ஏ. ஜீனில் குறிப்பிட்ட ஓரிடத்திலேயே நுழைகிறது. அந்த ஜீனுக்கு நூற்றுக்கணக்கான பிரதிகள் இருப்பதால், சில பழுதானாலும் ஈ பிழைத்துக்கொள்கிறது. 'ஹெட்-ஏ' என்னும் கூறு குரோமோசோமின் நுனியில் சேர்கிறது. பழ ஈயிடம் டெலோமரேஸ் நொதி இல்லை. தேயும் நுனியை இத்தகைய கூறுகளே ஈடுசெய்கின்றன. குடியிருக்க வந்தவர் கூரையையும் வேய்ந்து தருவது போன்றது இது!

2,907 கார இணைகள் கொண்ட 'பி' கூறின் வழி வேறு. அதன் டிரான்ஸ்போசேஸ் நொதி அதை ஓரிடத்தில் வெட்டி வேறிடத்தில் ஒட்டுகிறது. பெரும்பாலும் ஜீன்களின் தொடக்கத்தருகே அது அமர்கிறது. டி.என்.ஏ. நகலெடுப்புத் தொடங்கும் இடங்களோடு இவ்விடங்கள் பெரிதும் ஒத்துப்போவதை ஸ்பிராட்லிங் குழுவினர் 2011இல் காட்டினர். நகலாகி முடிந்த பகுதியிலிருந்து நகலாகாத பகுதிக்குத் தாவினால், அக்கூறு மீண்டும் ஒரு முறை நகலாகும். இவ்வாறு அதன் எண்ணிக்கை பெருகும் என்பது அவர்கள் கருத்து.

'தேர்ந்தெடுக்கிறது' என்று சொன்னாலும், டி.என்.ஏ. துண்டுக்குச் சிந்தனை ஏது? தங்குமிடத்தை அடியோடு அழித்த கூறு தானும் அழிந்திருக்கும், அழிக்காதவையே எஞ்சின.

இதனால் நமக்கென்ன பயன்? 1982இல் ரூபினும் ஸ்பிராட்லிங்கும் 'பி' கூறை வாகனமாக்கி, பழ ஈக்குள் ஜீனைச் செலுத்தினர். மனிதருக்கு ஜீன் சிகிச்சை அளிக்கவும் வைரஸ் வாகனங்கள் பயன்பட்டன. பாரிஸ் நகரில் நோய் எதிர்ப்புச் சக்தியின்றிப் பிறந்த குழந்தைகளுக்கு இச்சிகிச்சை பலன் தந்தது. ஆயினும், வாகனம் ஒரு புற்றுநோய் ஜீனருகே நுழைந்ததால், அவர்களில் சிலருக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது 2002 முதல் தெரியவந்தது. மருந்தாகச் செல்லும் ஜீன் எங்கே அமர்கிறது என்பது உயிர்ப் பிரச்சினை.

இதைத் தாயாரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்து, "அப்ப ஒழுங்காப் படி" என்றார்.