ஐஆரில் என்தால்பி எடுக்கப் போகும் தங்கச்சிக்கு

தங்கச்சி, இசட்எஸ்எம்-5 ஜியோலைட்டில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு வலுவாக ஒட்டுகிறது என்று ஐஆரில் அளக்கப் போகிறாயா? பட்டையின் பரப்பு, வெப்பநிலை, அழுத்தம் மூன்றையும் ஒரே நேரத்தில் குறித்துக்கொள். ஒன்று தவறினாலும் அந்தப் புள்ளி வீண்.

பெல்லட்டில் கேபிஆர் (பொட்டாசியம் புரோமைடு) கலக்காதே. பொட்டாசியம் உள்ளே புகுந்து ஜியோலைட்டின் புரோட்டானின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வெறும் பவுடரையே அப்பளம் போல மெலிசாக அழுத்து. சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் போதும். தடித்துவிட்டால் 3616 செ.மீ⁻¹ ஓஹெச் பட்டையின் உச்சி தட்டையாகிவிடும்.

பிறகு வேக்குவத்தில் 400–450 டிகிரி செல்சியஸ் வரை மெதுவாகச் சூடாக்கு. தண்ணீர் உள்ளே இருக்கும்போதே அவசரப்பட்டால் நீராவி அலுமினியத்தைச் சட்டகத்திலிருந்து பெயர்த்துவிடும். போதுமா என்று கடிகாரத்தைக் கேட்காதே. 1630-ல் தண்ணீர்ப் பட்டை மறைந்ததா என்று பார்.

லிக்விட் நைட்ரஜனில் குளிர்வித்து, கேஸ் விடும் முன்பே ஒவ்வொரு வெப்பநிலையிலும் பேக்ரவுண்ட் எடுத்து வை. ஓஹெச் பட்டை சூட்டுக்கேற்ப நகரும். செல்லில் துளி ஹீலியம் இருந்தால் பெல்லட் சீக்கிரம் குளிரும். அடுத்தடுத்த இரண்டு ஸ்பெக்ட்ரம் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும்வரை பொறுமையாக இரு.

தனியாக இருக்கும் சிஓ 2143-ல் அதிரும். புரோட்டானோடு சேர்ந்ததும் 2175 பக்கம் ஏறும். உயரத்தை விட்டுவிட்டுப் பரப்பை எடு, சூடு ஏறினால் பட்டை அகலமாகும். எல்லா இடமும் நிரம்பியபோது வரும் நிறைவுப் பரப்பு எவ்வளவு என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கடைசியில் வரையும் கோடு நேராக வரட்டும் என்று அதை இஷ்டத்துக்கு மாற்றாதே. 3616 பட்டை முழுதும் கரையும்வரை கேஸ் விட்டு அளந்துகொள். அப்போது 2138-ல் தலைகாட்டுவது சும்மா தங்கியிருக்கும் சிஓ; அதைச் சேர்க்காதே.

ஒவ்வொரு பரப்பையும் நிறைவுப் பரப்பால் வகுத்தால் நிரம்பிய பங்கு கிடைக்கும். அதை, காலிப் பங்கு பெருக்கல் அழுத்தத்தால் வகுத்து, இயல் மடக்கை எடுத்து, 1/கெல்வினுக்கு எதிரே வரை. சாய்வை 8.314 ஆல் பெருக்கிக் குறியை மாற்றினால் என்தால்பி. இங்கே மோலுக்கு ஏறத்தாழ −30 கிலோஜூல் வரும். வெட்டுத்துண்டு என்ட்ரோபியைத் தரும். கரோனேவும் ஒட்டேரோ அரேயனும் 2005-ல் கெமிக்கல் சொசைட்டி ரிவ்யூஸில் எழுதியதை முதலில் படித்துவிடு.

சிஓவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. டிடெக்டர் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள். நைட்ரஜன் ஊற்றும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும். லேபில் நீ மட்டும் இருக்கும் நாளில் சிஓ சிலிண்டரைத் தொடவே கூடாது, தங்கச்சி.