ஒருகால் இயங்கி ஒருகால் மறுக்கும் மோட்டார் வண்டி

இயந்திரங்களில் நிலையாக நிற்குங் குறையைக் கண்டுபிடித்தல் எளிது. வந்து வந்து மறையுங் குறையைக் கண்டுபிடித்தலே அரிது. காலையில் முதல் திருப்பிலேயே இயங்கிய மோட்டார் வண்டி நண்பகலில் அசைய மறுக்கின்றது. அரை மணி நேரங் கழித்து ஒன்றும் நிகழாதது போல மீண்டும் இயங்குகின்றது. திருத்துவோரிடங் கொண்டு சென்றாற் குறை அங்கே தோன்றுவதில்லை. ஆதலின் பலர் ஊகத்தை நம்பிப் புதிய பற்றரி வாங்குவர், பின்னர் ஸ்ராட்டரையும் மாற்றுவர், குறையோ தீராது. பொருள் நட்டம் ஒருபுறமிருக்க, நள்ளிரவில் நோயாளரை ஏற்றிச் செல்ல வேண்டிய வேளையில் வண்டி மறுக்குமாயின் விளையுந் துன்பம் பெரிது. இத்தகைய குறையை ஊகத்தாலன்றி அளவையாற் கண்டறியும் முறையை இங்கே சுருங்கக் கூறுவாம்.

எஞ்சினைக் கைப்பிடியாற் சுழற்றி இயக்கிய வழக்கத்தை மாற்றியது சாள்ஸ் கெற்றறிங் என்பார் ஆக்கிய மின் ஸ்ராட்டராகும். அது 1912ஆம் ஆண்டுக் கடிலாக் வண்டிகளிற் பொருத்தப்பட்டது. இன்றைய பெற்றோல் வண்டிகளிற் பொதுவாக இரண்டு சுற்றுக்கள் இவ்வேலையிற் பங்கு கொள்கின்றன. ஒன்று கட்டளைச் சுற்று. திறவுகோலைத் திருப்பியதும் சிறு ஓட்டமொன்று சென்று, சொலினொயிட் எனப்படும் வரிச்சுருளைக் காந்தமாக்கும். மற்றது வேலைச் சுற்று. அக்காந்த விசையாற் தடித்த செப்புத் தொடுகைகள் இணைய, பற்றரியிலிருந்து பேரோட்டம் ஸ்ராட்டர் மோட்டாரை அடைந்து, எஞ்சினின் உடல் வழியாகப் பற்றரிக்கு மீளும். சிறிய வண்டியில் இவ்வோட்டம் ஏறத்தாழ 100 முதல் 200 அம்பியர் வரை இருக்கும்.

இப்பேரோட்டத்திலேயே புதிரின் விடை அடங்கியுள்ளது. பற்றரி முனையில் உப்புப் படிந்தமையால் 0.02 ஓம் தடை உண்டாயிற்று எனக் கொள்வோம். முகவிளக்குகளுக்குச் செல்லும் 10 அம்பியர் அத்தடையைக் கடக்கும்போது இழக்கப்படுவது 0.2 வோல்ற்று மாத்திரமே. ஒளியிற் குறைவு புலப்படாது. ஸ்ராட்டருக்குரிய 150 அம்பியர் கடக்கும்போதோ 3 வோல்ற்று இழக்கப்படும். 450 வாற்று வலு அவ்விடத்தே வீணாக வெப்பமாகும். “விளக்கு நன்கு எரிகின்றது, ஆகவே பற்றரியும் இணைப்புக்களும் நல்லன” என்னும் முடிபு பிழைபடுவது இதனாலேயே. வெப்பத்தால் உலோகம் விரிதலும், குளிர்ந்தபின் சுருங்கலும், வீதியின் அதிர்ச்சியால் முனைகள் அசைதலும் தொடுகையை மாற்றுவதாற் குறை தோன்றியும் மறைந்தும் வருகின்றது.

வண்டி மறுக்கும்போது முதலிற் செவியைப் பயன்படுத்துக. ஒலி யாதும் எழாவிடின் கட்டளைச் சுற்றை ஐயுறலாம்: திறவுகோல் ஆளி, தானியங்கிக் கியர் வண்டியாயின் கியர் நிலையை உணரும் ஆளி, அல்லது வரிச்சுருள். ‘டிக் டிக்’ எனத் தொடர்ந்து ஒலிப்பின் பற்றரி வலுவிழந்தது அல்லது முனைத் தொடுகை தளர்ந்தது எனக் கருதலாம். ஒரே முறை ‘டக்’ என ஒலித்து மோட்டார் சுழலாவிடின், வரிச்சுருளின் செப்புத் தொடுகைகள் எரிந்திருத்தல் அல்லது மோட்டாரின் காபன் தூரிகைகள் தேய்ந்திருத்தல் கூடும்.

அடுத்தது அளவை. கியரை நடுநிலையிலும் கைத்தடுப்பைப் பூட்டியும் வைத்து, எஞ்சின் எரியாதவாறு வண்டிக்குரிய கைந்நூல் கூறும் முறைப்படி ஒழுங்கு செய்க. ஒரு முறைக்குப் பத்து விநாடிக்கு மேற் சுழற்றலாகாது. பற்றரி ஐதரசன் வாயுவை வெளிவிடுமாதலின் அருகே தீ ஆகாது.

சில மணி நேரம் ஓய்ந்திருந்த, நிறைவாக மின்னேற்றிய 12 வோல்ற்றுப் பற்றரி ஏறத்தாழ 12.6 வோல்ற்றுக் காட்டும். துணைவர் ஒருவர் திறவுகோலைத் திருப்பிச் சுழற்றும்போது அது 9.6 வோல்ற்றுக்குக் கீழே வீழுமாயின் பற்றரியை மேலும் சோதித்தல் வேண்டும். வீழாதாயின் வோல்ற்றுமானியின் ஒரு முனையைப் பற்றரியின் நேர்முனையிலும், மறுமுனையை ஸ்ராட்டரின் தடித்த வடம் சேருமிடத்திலும் வைத்து மீண்டுஞ் சுழற்றுக. வாசிப்பு 0.5 வோல்ற்றை விஞ்சின் அவ்வழியில் வேண்டாத தடை உண்டு. பின்னர் மறைமுனைக்கும் எஞ்சின் உடலுக்குமிடையே அளக்க, அங்கே 0.3 வோல்ற்றுக்கு மேற்படலாகாது. ஒவ்வோர் இணைப்பாக மானியின் முனையை நகர்த்தி வருக. எவ்விணைப்பைக் கடந்ததும் வாசிப்பு திடீரென மாறுகின்றதோ அவ்விணைப்பே குறையுடையது. பழைய பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் நேர்முனையே உடலுடன் இணைக்கப்பட்டிருப்பதால், மொறிஸ் மைனர் போன்றவற்றைச் சோதிப்போர் முனைகளை முதலில் நோக்குக.

குறை மறைந்திருக்கும் வேளையில் எடுத்த நல்ல வாசிப்பு எதனையும் நிறுவாது. ஆதலின் மானியை வண்டியிலேயே வைத்திருந்து, மறுக்கும் அக்கணத்தில் அளத்தல் வேண்டும். நேரம், வெப்பம், மழை, ஓடிய தூரம் என்பவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வருதலும் நன்று. வெப்பத்தில் மாத்திரம் மறுக்கும் வண்டியும் மழையில் மாத்திரம் மறுக்கும் வண்டியும் ஒரே நோயுடையன அல்ல.

பல வேளைகளிற் பரிகாரம் மிக மலிவானது. உடலுடன் இணைந்த வடத்தை முதலிற் கழற்றி, முனைகளை அப்பச்சோடா கரைத்த நீராற் கழுவி, கரைசல் பற்றரிக்குள் புகாது காத்து, உலர்த்தி, உலோகம் பளிச்சிடத் தேய்த்து இறுகப் பூட்டுக. உடல் வடத்தை இறுதியிற் பூட்டுக.

மாணவர்காள்! ஓம் என்பார் 1827இல் வெளியிட்ட விதியைப் பரீட்சைக்கு மாத்திரம் உரியதென எண்ணற்க. தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முதுமொழி. வாங்கிப் பூட்டுவதற்கு முன் அளந்து பார்க்கும் பழக்கத்தை இன்றே கைக்கொள்வீராயின், பணமும் காலமும் மிஞ்சுவதோடு, அவசர வேளையிற் கைவிடாத வண்டியும் உங்களுக்கு வாய்க்கும்.