சாவிக்குள் ஒரு மின்கலம்

உலர் மின்கலத்தால் இயங்கும் சவரக் கருவியைப் படைத்த ஜி.டி. நாயுடு (1893–1974) வாழ்ந்த ஊர் நமது கோவை. ஆகவே இங்கே மின்கலத்தைப் பற்றிப் பேச ஒரு மாணவனுக்கும் உரிமை உண்டென நம்புகிறேன்.

எங்கள் மாமா வாடகைக் கார் ஓட்டுகிறவர். சென்ற மார்கழியில் உதகைக்குச் சென்றிருந்தார். விடியற்காலைக் குளிரில் சாவியின் பொத்தானை எத்தனை முறை அழுத்தியும் கதவு திறக்கவில்லை. உலோகச் சாவியால்தான் திறந்தார். கோவைக்கு இறங்கியதும் பொத்தான் வேலை செய்தது! கடையில் மீட்டர் வைத்துப் பார்த்து, "பேட்டரி நல்லா இருக்குதுங்க, ரிமோட்டுதான் போச்சு" என்றார்களாம். புது ரிமோட் ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும். மாமாவுக்கு அது பல நாள் உழைப்பு. "சயின்ஸ்தானே படிக்கறே கண்ணு, பாத்துச் சொல்லு" என்று என்னிடம் நீட்டினார்.

உள்ளே இருந்தது சி.ஆர். 2032 என்னும் லித்தியம் மின்கலம். 20 என்பது விட்டம் 20 மி.மீ.; 32 என்பது தடிமன் 3.2 மி.மீ. மின்னழுத்தம் 3 வோல்ட். மீட்டரை நேர்மின்னோட்ட அளவில் வைத்துப் பார்த்தேன்: 2.92 வோல்ட். கடைக்காரர் சொன்னது பொய்யல்ல. ஆயினும் 330 ஓம் மின்தடையை இணைத்து அளந்தபோது 2.2 வோல்ட்டாக இறங்கிவிட்டது. புதிய மின்கலமோ 3.2-லிருந்து 3.05-க்குத்தான் இறங்கியது.

காரணம் யாது? நாம் வகுப்பில் படித்த அக மின்தடைதான். கணக்கிட்டால் புதியதில் சுமார் 16 ஓம், பழையதில் 108 ஓம். இவ்வகை மின்கலம் தீரும் தறுவாயிலும் சும்மா இருக்கையில் 3 வோல்ட்டை ஒட்டியே காட்டும்; வேலை கொடுத்தால்தான் தளர்ச்சி வெளிப்படும். குளிரில் அக மின்தடை மேலும் ஏறும். உதகையின் புதிர் இதுவே!

மாற்றுவது எளிது. உலோகச் சாவியை உருவி, விளிம்பிலுள்ள பள்ளத்தில் தட்டைத் திருப்புளியை வைத்து மெல்ல நெம்ப வேண்டும். கூட்டல் குறி எப்பக்கம் இருந்ததெனப் பார்த்துக்கொண்டு, அதே எண்ணுள்ள மின்கலத்தை வைக்க வேண்டும். சி.ஆர். 2025 விட்டத்தில் ஒன்றே, தடிமனில் குறைவு. இரு முகங்களையும் ஒருசேர உலோக இடுக்கியால் பிடிக்கலாகாது.

ஒரு முக்கிய எச்சரிக்கை: பழைய மின்கலத்தின் மேல் ஒட்டுநாடா சுற்றிக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் உடலின் ஈரத்தில் மின்னோட்டம் பாய்ந்து காரப்பொருள் உண்டாகி, 2 மணி நேரத்திற்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

மாமாவின் ரிமோட் பிழைத்தது. சுமை ஏற்றாமல் எதன் வலிமையையும் அளக்க முடியாது என்பதை நானும் கற்றுக்கொண்டேன்.