மடியில் கனமில்லாதவருக்கும் வக்கீல் வேண்டும்

"தப்பு செய்யாதவன் எதற்கு வக்கீலைத் தேடி ஓட வேண்டும்? மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்!" காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்த வீட்டில் பெரியவர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது இதைத்தான். குற்ற வழக்கைப் பற்றி நம்மிடையே உலவும் நம்பிக்கைகளில் அதிகச் சேதம் விளைவிப்பதும் நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இந்த ஒன்றுதான். வக்கீல் என்பவர் குற்றவாளியைக் காப்பாற்றும் ஆள், அவருக்கு வேலை கூண்டில் ஏறும் நாளில்தான், அதுவரை உண்மையைச் சொன்னால் போதும் என்ற மூன்று எண்ணங்கள் இதற்குள் இருக்கின்றன. மூன்றுமே தவறு. குற்றம் செய்யாதவருக்குத்தான் வழக்கறிஞர் அதிகம் தேவை. அதுவும் வழக்கின் முதல் சில நாள்களில்.

எஃப்.ஐ.ஆரில் பெயர் வந்துவிட்டாலே ஊர் தீர்ப்பு எழுதிவிடுகிறது. ஆனால் முதல் தகவல் அறிக்கை என்பது ஒருவர் சொன்ன புகாரின் பதிவு மட்டுமே. பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் காவல்துறை அதைப் பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே பதிவு ஆனதாலேயே புகார் உண்மையாகிவிடாது. அதற்குப் பின் புலன் விசாரணை, இறுதி அறிக்கை, நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைவது, சாட்சி விசாரணை என்று பல படிகள் உண்டு. முகாந்திரம் இல்லையென்றால் குற்றச்சாட்டு வனையும் கட்டத்திலேயே ஒருவரை விடுவிக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிடுபவர்களும் உண்டு. அங்கேதான் அடுத்த தவறு. நீதிமன்றம் ஒருவருடைய மனச்சாட்சியைப் பார்ப்பதில்லை, கோப்பில் இருப்பதைப் பார்க்கிறது. சம்பவ நேரத்தில் நீங்கள் வேறு ஊரில் இருந்ததைக் காட்டும் கடை வாசல் சிசிடிவி பதிவு சில வாரங்களில் அழிந்துவிடலாம். அதைக் காப்பாற்றி வைக்கச் சொல்லி உரிய நேரத்தில் மனுக் கொடுக்க ஆள் வேண்டும். முன்ஜாமீன் கேட்பதும், அடிப்படையே இல்லாத எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யச் சொல்லி உயர் நீதிமன்றம் போவதும் இந்தத் தொடக்கக் காலத்துக்கான வழிகள்தான். குற்றம் செய்தவருக்கு மறைக்க வேண்டியவை இருக்கும். செய்யாதவருக்கோ காப்பாற்ற வேண்டிய சான்றுகள் இருக்கும்.

"சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடுறோம்" என்ற அழைப்பை எப்படி எடுத்துக்கொள்வது? 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. அதன் 35ஆவது பிரிவின்படி, கைது தேவைப்படாத நிலையில், விசாரணைக்கு வரச் சொல்லி எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது செய்யக் காரணம் காட்ட வேண்டும் என்பதை 2014இல் அர்னேஷ் குமார் தீர்ப்பு அழுத்திச் சொன்னது. நோட்டீஸ் கேட்பது திமிர் அல்ல. வந்த நோட்டீஸை மதிக்காமல் இருப்பதுதான் ஆபத்து, அதுவே கைதுக்குக் காரணமாகலாம். பெண்களையும் அறுபது வயதைக் கடந்த ஆண்களையும் சாட்சியாக விசாரிப்பதற்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது; அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்த்தான் விசாரிக்க வேண்டும்.

ஸ்டேஷனில் கேட்பதற்கெல்லாம் பதில் சொன்னால்தான் நல்லவன் என்பதும் சட்டத்தின் பார்வை அல்ல. தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 20(3). ஒடிசாவின் முன்னாள் முதலமைச்சர் நந்தினி சத்பதி தொடர்ந்த வழக்கில், இந்தப் பாதுகாப்பு நீதிமன்றக் கூண்டில் மட்டுமல்ல, போலீஸ் விசாரணையிலும் உண்டு என்று 1978இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். "கையெழுத்துப் போட்டுவிட்டேன், இனி அவ்வளவுதான்" என்று மனமுடைந்து போகிறவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். காவல்துறை அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தை, அதைத் தந்தவருக்கெதிரான சான்றாக ஏற்க முடியாது. ஆனால் அந்த வாக்குமூலத்தைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதற்கு வழிகாட்டிய பகுதி மட்டும் சான்றாகும். அந்தச் சிறு விலக்கின் வழியாகவே பல வழக்குகளில் வாக்குமூலம் உள்ளே நுழைகிறது என்பதால்தான் வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று வழக்கறிஞர்கள் தலைபாடாய் அடித்துக்கொள்கிறார்கள். விசாரணை முழுதும் வழக்கறிஞர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் கைதானவர் விசாரணையின்போது தன் வழக்கறிஞரைச் சந்திக்க அதே சன்ஹிதாவின் 38ஆவது பிரிவு உரிமை தருகிறது.

அடுத்து, ரிமாண்ட். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் கைதானவரை நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். இதை வெறும் சடங்கு என்று நினைப்பது மிகப் பெரிய தவறு. நடுவர் நேரில் பார்க்க வேண்டும், காயம் உண்டா என்று கேட்க வேண்டும், காவலில் வைப்பதற்குக் காரணம் போதுமா என்று எடைபோட வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும் நடுவரின் ரிமாண்ட் உத்தரவோடுதான் கோவில்பட்டி கிளைச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சில நாள்களில் இருவரும் இறந்தார்கள். ரிமாண்ட் நேரத்தில் பேச ஒரு குரல் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குத் தமிழ்நாட்டுக்கு வேறு சான்று வேண்டியதில்லை. கைதின் காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும், தாமதமானாலும் நடுவர் முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாக் குற்றங்களுக்கும் பொதுவாக விதித்தது. அந்தத் தாளைப் படித்து, "இதில் கைதுக்கான காரணமே இல்லையே" என்று சொல்லத் தெரிந்தவர் வேண்டும்.

நாள் கணக்கும் அப்படித்தான். குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் சிறையில் இருப்பவருக்கு ஜாமீன் உரிமையாகிவிடும். ஆனால் அது தானாக வராது, கேட்டுப் பெற வேண்டும். கேட்பதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். சென்னை போதைப்பொருள் தடுப்புச் சிறப்பு நீதிமன்றத்தில் 2019இல் நடந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவ்வகை வழக்குக்கான 180 நாள் கெடு முடிந்ததும், மறுநாள் காலையிலேயே ஜாமீன் மனு தாக்கலானது. விசாரணை அமைப்பு அன்றைக்கே, ஆனால் அதற்குப் பிறகு, குற்றப்பத்திரிகைக்கு இணையான புகாரைத் தாக்கல் செய்தது. சிறப்பு நீதிமன்றம் தந்த ஜாமீனை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020இல் உச்ச நீதிமன்றம், முதலில் கேட்டவரின் உரிமையைப் பின்னால் வந்த புகார் பறிக்க முடியாது என்று ஜாமீனை மீட்டுக் கொடுத்தது. எல்லாம் சில மணி நேர வித்தியாசம். 2022ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பேர் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள். அவர்களுக்காக நாளை எண்ணிக்கொண்டிருக்க ஆள் இருக்கிறதா என்பதே கேள்வி.

"இதெல்லாம் காசுள்ளவனுக்கு" என்ற மறுப்பு நியாயமானது. அதற்குச் சட்டம் தரும் பதில் பலருக்குத் தெரிவதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் இருப்பவர் எவருக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வழக்கறிஞர் உண்டு. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கும் வருமான வரம்பு கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவர் கேட்காவிட்டாலும் இந்த உரிமை மறையாது என்று 1986இல் சுக் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இலவச வக்கீல் கடமைக்கு வருவார் என்ற குறை பல இடங்களில் மெய்தான். அந்தக் குறையை உணர்ந்துதான், குற்ற வழக்குகளில் எதிர்வாதம் செய்வதற்கென்றே முழுநேர வழக்கறிஞர்களை மாவட்டங்களில் நியமிக்கும் திட்டத்தை 2022இல் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் கொண்டுவந்தது. வேலை திருப்தியாக இல்லையென்றால் மாற்றித் தரும்படி மாவட்ட ஆணையத்தில் எழுதிக் கேளுங்கள். சலித்துக்கொண்டு வழக்கறிஞரே வேண்டாம் என்று விட்டுவிடுவது உங்களுக்குத்தான் இழப்பு.

மிச்சமிருப்பது கடுமையான ஒரு கேள்வி: கொடிய குற்றவாளிக்கும் வக்கீலா? மும்பைத் தாக்குதல் வழக்கில் அஜ்மல் கசாபுக்கு அரசு செலவில் வழக்கறிஞர் கொடுக்கப்பட்டார். கைதானவரை முதல்முறை நடுவர் முன் நிறுத்தும்போதே வழக்கறிஞர் உரிமையை அவருக்கு எடுத்துச் சொல்லி ஏற்பாடு செய்ய வேண்டும், தவறும் நடுவர் மீது துறை நடவடிக்கை வரும் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதே வழக்கில்தான். கோவை வழக்கறிஞர்கள் ஒரு வழக்கில் காவலர்களுக்காக ஆஜராக மாட்டோம் என்று போட்ட தீர்மானம் செல்லாது என்றும் 2010இல் அதே நீதிமன்றம் கூறியது. எதிர்வாதம் இல்லாமல் பெற்ற தண்டனை மேல்முறையீட்டில் நிற்காது; பாதிக்கப்பட்டவருக்கும் அது நீதியாகாது. வெறுக்கப்படுபவருக்கு இந்த உரிமையை மறுத்துப் பழகிய ஊரில் நாளை அப்பாவிக்கும் அது கிடைக்காது.

ஆகவே வீட்டில் ஒருவரை அழைத்துப் போனால், எந்த ஸ்டேஷன், எந்தப் பிரிவு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர் நிரபராதி என்று உறுதியாகத் தெரிந்தாலும் அன்றைக்கே வழக்கறிஞரை அழையுங்கள். ஆள் தெரியாவிட்டால், கையில் காசு இல்லாவிட்டால், சட்டப் பணிகள் ஆணையத்தின் கட்டணமில்லா எண் 15100.