லேபுக்குப் போகும் வழியில் மறையும் ஓசோன்

கேள்வி: ஐயா, 20 லிட்டர் கேன் நிரப்பும் குடிநீர் ஆலையில் ஆபரேட்டராக இருக்கிறேன். நிரப்பும் குழாயில் டி.பி.டி. கிட் வைத்துப் பார்த்தால் ஓசோன் லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் காட்டுகிறது. அதே தண்ணீரை பாட்டிலில் பிடித்து லேபுக்கு அனுப்பினால் 'இல்லை' என்று வருகிறது. முதலாளி ஓசோனைக் கூட்டச் சொல்கிறார். எந்த ரீடிங்கை நம்புவது?

பதில்: இப்போதைக்கு ஓசோனைக் கூட்டாதீர்கள். லேப் பொய் சொல்லவில்லை. பாட்டில் அங்கே போய்ச் சேரும்போது அதில் ஓசோன் இருந்திருக்காது. தண்ணீரில் கரைந்த ஓசோனின் ஆயுள் நிமிடக் கணக்குதான். நம் ஊர் வெயிலில் இன்னும் குறைவு. உயரத்திலிருந்து சலசலவெனப் பிடித்தால் அப்போதே காற்றில் ஏறிவிடும்.

அதனால் ஓசோனைக் குழாயடியிலேயே பிடித்து வைக்க வேண்டும். அதற்கு நான் நம்புவது இண்டிகோ முறையை. 1981-இல் பாடெர், ஹோய்க்னே என்ற இருவர் வகுத்தது. நம் அவுரிச் செடி தரும் அதே நீலத்தின் வழிவந்த சாயத்தை அமிலக் கரைசலாக வைத்திருப்பார்கள். ஓசோன் பட்டதும் வெளுக்கும். 100 மி.லி. குடுவையில் 10 மி.லி. சாயக் கரைசலை முதலில் ஊற்றுங்கள். டெஃப்லான் டியூபின் நுனி கரைசலுக்குள் மூழ்கியிருக்க, குமிழி எழாமல், குறிவரை தண்ணீரை மெதுவாக விடுங்கள். இன்னொரு குடுவையில் அதே சாயத்தோடு காய்ச்சி வடித்த நீர். இரண்டையும் நாலு மணி நேரத்துக்குள் லேபில் சேர்த்துவிடுங்கள். 600 நானோமீட்டரில், 1 செ.மீ. குவெட்டில், இரண்டின் ஒளி உறிஞ்சல் வித்தியாசத்தை 2.65-ஆல் பெருக்கினால் ஓசோன் அளவு கிடைக்கும். உங்கள் 0.3 உண்மையென்றால் வித்தியாசம் 0.11 அளவில் வரும்.

வருமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். டி.பி.டி. குளோரினுக்கும் சிவக்கும். ஒன்று செய்து பாருங்கள்: ஒரு டம்ளர் தண்ணீரைப் பிடித்து, டீ ஆற்றுவதுபோல நன்றாக ஆற்றி, ஒரு மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி கிட்டில் பாருங்கள். அப்போதும் சிவந்தால் அது ஓசோன் இல்லை. பெரும்பாலும் கார்பன் ஃபில்டர் தாண்டி வந்த குளோரின். அப்படியிருந்தால் இண்டிகோ கரைசலில் மலோனிக் அமிலம் சேர்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் குளோரின் அங்கேயும் கணக்கில் நுழையும்.

கூட்ட வேண்டாம் என்றதற்குக் காரணம் புரோமேட். கடலோர போர் தண்ணீரில் புரோமைடு இருக்கும். ஆர்.ஓ. தாண்டி மிஞ்சியதை ஓசோன் புரோமேட்டாக மாற்றும். புற்றுநோய்ச் சந்தேகம் உள்ள பொருள் அது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். ஓசோன் பறந்துவிடும், புரோமேட் கேனிலேயே தங்கிவிடும். இண்டிகோ ரீடிங் கைக்கு வரும்வரை ஓசோனைக் கூட்ட வேண்டாமென்று முதலாளியிடம் சொல்லுங்கள்.